இங்கிலாந்து கிராமங்களில் நிதானமாகச் சைக்கிளில் சுற்ற: சஃபோக் பக்கம் போங்கள்

நீங்கள் கேட்டது இது: ஜூன் மாதம் லண்டனில் மகள் வீட்டுக்கு வருகிறீர்கள். நீங்களும் உங்கள் மனைவியும் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஊரில் தினமும் சைக்கிள் ஓட்டுகிற பழக்கம் உண்டு, ஆனால் பந்தயக்காரர்கள் இல்லை. நாலைந்து நாள் ஆங்கிலக் கிராமங்கள் வழியாக அவசரமில்லாமல் போய்வர ஆசை. எல்லோரும் காட்ஸ்வோல்ட்ஸ் என்ற குன்றுப் பகுதிக்குப் போகச் சொல்கிறார்கள். அது சரிதானா, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் வைத்துக்கொள்ளலாம், சாலைகளில் பயமில்லாமல் போகலாமா?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். முதல் பயணத்துக்குக் காட்ஸ்வோல்ட்ஸ் வேண்டாம், கிழக்கு இங்கிலாந்தில் உள்ள சஃபோக் பகுதிக்குப் போங்கள். ஒரு நாளைக்கு 15 மைல் போதும், மிஞ்சிப்போனால் 20. சாலையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் பயமே இல்லை. நான் கிழக்கு இங்கிலாந்தில் பல வருடங்களாக இருக்கிறேன். இந்தச் சாலைகளில் ஓட்டுவதுதான் எனக்கு இந்த நாட்டில் கிடைத்த பெரிய சந்தோஷம், அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

காட்ஸ்வோல்ட்ஸின் அழகில் குறை சொல்ல எதுவும் இல்லை. தேன் நிறக் கல்லில் கட்டிய வீடுகள், ஓடைகள், ஆட்டு மந்தைகள் எல்லாம் உண்டு. ஆனால் பிபரி, போர்ட்டன்-ஆன்-த-வாட்டர் போன்ற ஊர்களுக்கு ஜூன் மாதச் சனிக்கிழமையில் கார்களும் சுற்றுலா பஸ்களும் வரிசையாக வருகின்றன. நிறுத்த இடம் தேடும் கார்கள் பக்கத்துச் சிறுசாலைகளையும் அடைத்துக்கொள்கின்றன. ஏற்றங்களும் நீளமானவை. அங்கே நன்றாக ஓட்ட, எந்தச் சாலை எந்த நேரத்தில் காலியாக இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். புதிதாக வருபவருக்கு அது தெரிய வழியில்லை.

இந்த நாட்டில் சைக்கிள் பயணத்தின் சுகம் முழுக்கச் சாலையைப் பொறுத்தது. மோட்டார்வே என்ற அதிவேக நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதியே கிடையாது. அடுத்த தரமான, ஏ என்று தொடங்கும் எண் போட்ட முக்கியச் சாலைகளில் சட்டப்படி பெரும்பாலும் போகலாம், ஆனால் லாரிகளோடு போக வேண்டியிருக்கும், போகாதீர்கள். அதற்கும் அடுத்த பி சாலை பரவாயில்லை, தவிர்க்க முடியாத இடத்தில் ஓரிரு மைல். நமக்கு வேண்டியது இந்த மூன்றுக்கும் கீழே உள்ள, எண் போட்ட பலகைகூட இல்லாத கிராமத்துச் சிறுசாலைகள். இங்கே லேன் என்பார்கள். ஒரு கார் போகிற அகலம், இரண்டு பக்கமும் உயிர்வேலி, ஆங்காங்கே ஒதுங்கி நிற்க ஓர் இடம். மூன்றே மூன்று பண்ணை வீடுகளுக்குப் போகும் லேனுக்குக்கூடத் தார் போட்டிருப்பார்கள். அவசரமாகப் போகும் கார்களையெல்லாம் பெரிய சாலைகள் இழுத்துக்கொள்வதால், இவற்றில் அரை மணி நேரத்துக்கு ஒரு வண்டியைப் பார்த்தாலே அதிகம் என்கிற நாட்கள் உண்டு.

இந்த லேன்கள் இப்படி வளைந்து வளைந்து போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், சுமார் 1750 முதல் 1850 வரை, பொது நிலங்களை நாடாளுமன்றச் சட்டங்கள் மூலம் பிரித்து வேலி போட்டார்கள். நில அளவையாளர் அளவுகோல் வைத்துப் போட்ட சாலைகள் அவை. நேராகவும் அகலமாகவும் இருக்கும், கார்கள் பறக்கும். சஃபோக், எசெக்ஸ், டெவன், ஹெரிஃபோர்ட்ஷர் போன்ற பகுதிகளில் வயல்களுக்கு வேலி அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. பண்ணையிலிருந்து சர்ச்சுக்கும், ஆலையிலிருந்து சந்தைக்கும் மனிதர்கள் நடந்து நடந்து உண்டான தடங்கள், வயல் ஓரத்தை அணைத்தபடியே போகின்றன. ஒவ்வொரு திருப்பத்திலும் கார்க்காரர் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். ஊர்களும் ஒன்றரை, இரண்டு மைலுக்கு ஒன்றாக வரும். நிதானமாகப் போகிறவருக்கு இதைவிடத் தோதான நிலம் கிடையாது.

ஒரு காகித வரைபடம் வாங்குங்கள். கைப்பேசி இருக்கும்போது எதற்கு என்று மகள் கேட்பார், ஆனாலும் வாங்குங்கள். ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நிறுவனம் 1791 முதல் இந்த நாட்டை அளந்து வரைந்துகொண்டிருக்கிறது. அவர்களுடைய எக்ஸ்ப்ளோரர் வரிசையில், ஆரஞ்சு அட்டை போட்டது, 196 எண் கொண்ட தாள் நீங்கள் போக வேண்டிய பகுதியை அப்படியே காட்டும். அளவு 1:25,000, அதாவது வரைபடத்தில் 4 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. லேன்கள் மஞ்சள் நிறத்தில் இருக்கும். மஞ்சளையே பிடித்துக்கொண்டு போனால் போதும். சாலையின் மேல் ஓர் அம்புக்குறி இருந்தால் ஏழுக்கு ஒன்று முதல் ஐந்துக்கு ஒன்று வரையிலான ஏற்றம். இரண்டு அம்பு என்றால் அதைவிடச் செங்குத்து, இறங்கித் தள்ள வேண்டியதுதான். அம்பின் முனை இறக்கத்தைக் காட்டும், எனவே எந்தப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். கறுப்புச் சதுரத்தின் மேல் சிலுவை என்றால் கோபுரம் உள்ள சர்ச், வட்டத்தின் மேல் சிலுவை என்றால் கூம்பு உச்சி உள்ளது. முந்தின நாள் இரவு வரைபடத்தை மேசையில் விரித்து, தேநீரோடு உட்கார்ந்து அடுத்த நாளுக்கான மஞ்சள் கோடுகளைத் தேடுவதே பாதிப் பயணம் எனக்கு.

பச்சைக் கோடுகள் விஷயத்தில் கவனம் வேண்டும். குட்டையான பச்சைக் கோடுகள் நடைபாதை. அங்கே சைக்கிள் ஓட்ட உரிமை கிடையாது. நீளமான பச்சைக் கோடுகள் குதிரைப் பாதை. 1968-இல் வந்த ஒரு சட்டம் குதிரைப் பாதைகளில் சைக்கிளை அனுமதித்தது, ஆனால் நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும். கைப்பேசிச் செயலிகள் தூரத்தைக் குறைப்பதற்காக இந்தப் பாதைகளில் அனுப்பிவிடும். மழை பெய்த மறுநாள் சஃபோக்கின் களிமண் மட்கார்டுக்கும் டயருக்கும் இடையில் அப்பிக்கொண்டால் சக்கரமே சுற்றாது. தார்ச்சாலையிலேயே போங்கள்.

சரி, வழி. லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனிலிருந்து சுமார் ஒரு மணி நேரத்தில் மேனிங்ட்ரீ. அங்கே இறங்கி முதல் ஓரிரு மைல் வண்டிகள் ஓடும் சாலைதான், பொறுமையாகக் கடந்துவிடுங்கள். ஈஸ்ட் பெர்கோல்ட் வந்ததும் அமைதி. ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1776-இல் பிறந்த ஊர் அது. ஊர் சர்ச்சுக்குக் கோபுரம் முடிக்கப்படவே இல்லை. 1525-இல் தொடங்கிய வேலை சில வருடங்களில் நின்றுபோனது. அதனால் மணிகளைத் தரையிலேயே ஒரு மரக்கொட்டகைக்குள் வைத்திருக்கிறார்கள், 1531 முதல் இன்றுவரை. மரச்சட்டங்களின் இடைவெளி வழியாக அந்தப் பெரிய வெண்கல மணிகளைப் பார்க்கலாம். அங்கிருந்து ஸ்டூர் ஆற்றங்கரைக்குச் சரிவாக இறங்கினால் ஃபிளாட்ஃபோர்ட் ஆலை. கான்ஸ்டபிள் 1821-இல் வரைந்த வைக்கோல் வண்டி ஓவியத்தின் இடம் இதுதான். வெள்ளை வீடும் தண்ணீரும் இன்னும் அப்படியே. ஃபிளாட்ஃபோர்டிலிருந்து டெடமுக்கு ஆற்றை ஒட்டிப் புல்வெளி வழியாக ஒரு பாதை போகிறது, பார்த்தால் சைக்கிளில் போகத் தோன்றும். அது நடைபாதை. சைக்கிளைப் பூட்டிவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். அப்புறம் மேலேறி வந்து சாலை வழியாக டெடம் போய் முதல் இரவு அங்கே தங்குங்கள்.

இரண்டாம் நாள் ஸ்டோக்-பை-நேலண்ட், நேலண்ட், பியூர்ஸ் வழியாகச் சட்பரி. 20 மைலுக்குள் அடங்கும், ஆனால் நாள் முழுக்க ஆகும், ஆகட்டும். ஸ்டோக் சர்ச்சின் 120 அடிக் கோபுரம் மேட்டின் மேல் நிற்பதால் பல மைல் தூரத்துக்குத் தெரியும். எந்தத் திருப்பத்தில் எந்தப் பக்கம் வரும் என்று பார்த்துக்கொண்டே போகலாம். நேலண்டுக்கும் பியூர்ஸுக்கும் நடுவில் விஸ்ஸிங்டன் என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. தயவுசெய்து தவறவிடாதீர்கள். லேனிலிருந்து பண்ணை ஒன்றை நோக்கித் திரும்பினால், மரங்களுக்கு நடுவே நார்மன் மன்னர்கள் காலத்து சர்ச். இந்த ஊர்ச் சர்ச்சுகள் பெரும்பாலும் பகலில் திறந்தே இருக்கும். கதவில் பெரிய இரும்பு வளையம் ஒன்று தொங்கும். இழுத்தால் திறக்காது, சுழற்ற வேண்டும், உள்ளே தாழ்ப்பாள் தூக்கும் சத்தம் கேட்கும். பறவைகள் உள்ளே போய் மாட்டிக்கொள்கின்றன, கதவைச் சாத்திவிட்டுப் போங்கள் என்று பல இடங்களில் கையால் எழுதி ஒட்டியிருப்பார்கள். விஸ்ஸிங்டனில் உள்ளே போய் ஒரு நிமிடம் கண் பழகும்வரை நில்லுங்கள். சுண்ணாம்புச் சுவரில் மங்கிய காவி நிறத்தில் ஓவியங்கள் மெல்லத் தெரிய ஆரம்பிக்கும்; 13-ஆம் நூற்றாண்டில் வரைந்தவை. வடக்குக் கதவுக்கு மேலே ஒரு டிராகன் இருக்கிறது. காவலரும் இல்லை, கட்டணமும் இல்லை. ஒரு வருகைப் பதிவேடும், சுவரில் பதித்த காசுப்பெட்டியும்தான். பெட்டியில் ஏதாவது போடுங்கள்; இந்தக் கட்டடங்கள் அந்தக் காசில்தான் நிற்கின்றன.

சர்ச்சுகளை நான் இவ்வளவு சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மழை வந்தால் ஒதுங்க சர்ச்சின் முகப்பு மண்டபத்தைப் போல வசதியான இடம் இல்லை. இரண்டு பக்கமும் கல் பெஞ்சு இருக்கும், சைக்கிளையும் உள்ளே சாய்த்து வைக்கலாம். கல்லறைத் தோட்டத்தில் பூக்களுக்காக ஒரு தண்ணீர்க் குழாயும் பல இடங்களில் உண்டு. கையலம்ப, கழுத்தை நனைத்துக்கொள்ளப் போதும். குடிக்கத் தண்ணீரைப் பப்பில் கேளுங்கள். மதுபான உரிமம் உள்ள இடங்கள், வாடிக்கையாளர் கேட்டால் குழாய்த் தண்ணீரைக் காசில்லாமல் தர வேண்டும் என்பது விதி.

பியூர்ஸில் ஆற்றின் ஒரு கரை சஃபோக், மறுகரை எசெக்ஸ். அங்கிருந்து சட்பரி ஆறேழு மைல். சட்பரி சந்தை ஊர், ஓவியர் தாமஸ் கெய்ன்ஸ்பரோ 1727-இல் பிறந்தது அங்கேதான். அவர் வீடு இப்போது அருங்காட்சியகம். உடம்பு ஒத்துழைக்கவில்லை, மழை விடவில்லை என்றால் பயணத்தை இங்கே முடித்துக்கொள்ளலாம். சட்பரியிலிருந்து மார்க்ஸ் டேக்கு ஒரு கிளைப்பாதை ரயில், அங்கே மாறினால் லண்டன். இப்படி நடுவில் ஒரு ரயில் நிலையம் வருவது மனசுக்குத் தெம்பு, முதல் பயணத்துக்கு மிகவும் முக்கியம்.

மூன்றாம் நாள் லாங் மெல்ஃபோர்ட் வழியாக லாவன்ஹம், எட்டு ஒன்பது மைல்தான். சட்பரியை விட்டு வெளியேற, கைவிட்ட ரயில் பாதை ஒன்றைச் சைக்கிளுக்கும் நடைக்கும் திறந்துவிட்டிருக்கிறார்கள். அதைப் பிடித்தால் பெரிய சாலையின் பெரும்பகுதி தப்பும். லாவன்ஹமில் இரண்டு இரவு தங்குங்கள். 15-ஆம் நூற்றாண்டிலும் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்கே கம்பளித் துணி நெசவு கொழித்தது. நீலச் சாயம் தோய்த்த கனத்த துணி கப்பலேறியது. 1524-ஆம் ஆண்டு வரிக் கணக்கில் இங்கிலாந்தின் பணக்கார ஊர்களில் முதல் இருபதுக்குள் இந்தச் சின்ன ஊர் இருந்தது. 141 அடி உயர சர்ச் கோபுரம் அந்தத் துணிப் பணத்தில் எழுந்ததுதான். அப்புறம் மெல்லிய, விலை குறைந்த துணிகள் வேறு ஊர்களிலிருந்து வர, தொழில் படுத்துவிட்டது. பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் பணமில்லை. அதனால்தான் மரச்சட்டம் வைத்துக் கட்டிய அந்த வீடுகள், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தபடி, ஐந்நூறு வருடம் கழித்தும் நிற்கின்றன. காலை ஏழு மணிக்கு, கார்கள் வருவதற்கு முன், சந்தை மைதானத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள்.

நான்காம் நாள் சுமையை அறையில் வைத்துவிட்டு வெறும் சைக்கிளில் சுற்றுங்கள். பிரெண்ட் ஈலி, மங்க்ஸ் ஈலி, செல்ஸ்வொர்த், பில்டெஸ்டன் என்று பிரெட் ஆற்றுப் பக்கத்து ஊர்கள். செல்ஸ்வொர்த்தில் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் போக்கினாலும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஏ-1141 சாலை இவற்றில் சில ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகிறது, செயலி அதில்தான் அனுப்பும். மஞ்சள் கோடுகளைத் தேடிப் பிடியுங்கள்.

ஐந்தாம் நாள் லிண்ட்சே, கெர்சி, ஹேட்லி, மறுபடி மேனிங்ட்ரீ. 20 மைலைக் கொஞ்சம் தாண்டும். கடைசி நாளுக்குள் கால் பழகியிருக்கும். லிண்ட்சேயில் சாலையோரம் கூரை வேய்ந்த ஒரு குட்டி வழிபாட்டுக்கூடம், 13-ஆம் நூற்றாண்டுடையது, நுழைவுக் கட்டணம் கிடையாது. கெர்சியின் ஒரே தெரு செங்குத்தாக இறங்கி, அடியில் ஓடையைக் கடந்து, எதிர்ப்பக்கம் சர்ச் வரை ஏறுகிறது. ஓடைக்கு வண்டிப் பாலம் இல்லை, தண்ணீர் சாலை மேலேயே ஓடுகிறது, வாத்துகள் நடுச்சாலையில் நிற்கும். வேகமாக இறங்கித் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகலாம் என்று கை அரிக்கும். போகாதீர்கள். தண்ணீருக்கு அடியில் பாசி; முன்சக்கரம் வழுக்கினால் முழங்கை போய்விடும். இங்கிலாந்தில் இப்படி எந்த ஓடைக்கடவைப் பார்த்தாலும் பக்கத்தில் நடந்து போக ஒரு சிறு பாலம் இருக்கிறதா என்று தேடுங்கள், கெர்சியில் இருக்கிறது. இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். ஹேட்லிக்குத் தெற்கே இன்னொரு பழைய ரயில் பாதை உண்டு. அந்தத் தடத்தில் பயணிகள் ரயில் 1932-லேயே நின்றுவிட்டது. இரண்டு மைல் நிழலில் சமதளமாகப் போகும்.

சஃபோக் சமதளம் என்று சொல்வார்கள், முழுக்க அப்படியில்லை. ஒவ்வொரு ஆற்றுப் பள்ளத்திலும் இறங்கி ஏற வேண்டும். ஆனால் ஏற்றங்கள் குட்டையானவை, மூச்சு வாங்கும் முன் மேலே வந்துவிடுவீர்கள். மனைவிக்குத் தயக்கம் இருந்தால் அவருக்கு மட்டும் மின்சார சைக்கிள் வாடகைக்கு எடுங்கள். 250 வாட்டுக்கு மிகாமல், மணிக்கு 15.5 மைல் வரை மட்டும் மோட்டார் துணை தருவதாக இருந்தால் உரிமம், பதிவு எதுவும் வேண்டாம். அதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. ஒருவர் மூச்சிரைக்க, ஒருவர் காத்திருக்க என்று இருக்கும் பயணத்தில் இருவருக்குமே சந்தோஷம் இருக்காது.

சாப்பாட்டைப் பற்றித்தான் புதியவர்களை அதிகம் எச்சரிப்பேன். கிராமத்துப் பப் என்பது நம் ஊர் ஓட்டல் மாதிரி எந்நேரமும் சாப்பாடு தரும் இடம் கிடையாது. மதியச் சமையல் பெரும்பாலும் பன்னிரண்டு முதல் இரண்டு, இரண்டரை வரை. அப்புறம் அடுப்பை அணைத்துவிடுவார்கள், மாலை ஆறுக்குத்தான் மறுபடி. திங்கள், செவ்வாயில் பல பப்கள் திறப்பதே இல்லை. ஞாயிறு மதியம் முன்பதிவு இல்லாமல் இடம் கிடைப்பது கஷ்டம். எனவே அன்றன்றைய வழியை மதியச் சாப்பாடு எங்கே என்று முடிவு செய்துவிட்டுப் போடுங்கள். காலையில் ஒரு போன் செய்து திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். சைவம் என்றால் முழு உருளைக்கிழங்கை ஓவனில் சுட்டு, பிளந்து, மேலே பீன்ஸும் சீஸும் போட்டுத் தருவது கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் கிடைக்கும், வயிறும் நிறையும். பண்ணைக் கடைகள், செடி விற்கும் நர்சரிகளோடு சேர்ந்த காப்பிக்கடைகள் ஆகியவற்றில் கேக்கும் தேநீரும் பிரமாதமாக இருக்கும். பண்ணை வாசலில் முட்டை, ஜாம், தக்காளி வைத்து, பக்கத்தில் ஒரு காசு டப்பாவும் வைத்திருப்பார்கள், ஆள் இருக்காது. அதற்காகவே சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

தங்குவதற்குக் காலை உணவோடு அறை தரும் வீடுகள் சரியாக இருக்கும். ஜூனில் வார இறுதிக்கு இரண்டு இரவுக்குக் குறைவாகத் தர மறுப்பார்கள், எனவே லாவன்ஹமின் இரண்டு இரவுகளை வெள்ளி, சனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் புதன்கிழமை லண்டனிலிருந்து கிளம்பினால் கணக்கு சரியாக வரும், கடைசி நாள் ஞாயிறாக அமையும். முன்பதிவு செய்யும்போதே சைக்கிளைப் பூட்டி வைக்கக் கொட்டகை இருக்கிறதா என்று கேளுங்கள். கூடாரம் அடிக்கும் எண்ணம் இருந்தால், இங்கிலாந்தில் நில உரிமையாளரின் அனுமதியில்லாமல் கண்ட இடத்தில் அடிக்க முடியாது. டெவனில் உள்ள டார்ட்மூரின் சில பகுதிகள் மட்டும் விதிவிலக்கு. முகாம் மைதானங்களுக்குத்தான் போக வேண்டும்.

பழைய விடுதிச் சுவர்களில் சில இடங்களில், சிறகு வைத்த சக்கரச் சின்னம் ஒன்றை இன்னும் பார்க்கலாம். 1878-இல் ஹாரோகேட்டில் தொடங்கிய சைக்கிள் பயணிகள் சங்கத்தின் சின்னம் அது. சைக்கிளில் வருபவரை வரவேற்கும் இடம் என்று அர்த்தம். கார்கள் வருவதற்கு முன்பே நல்ல சாலைக்காகப் போராடியவர்கள் அவர்கள். செங்குத்தான இறக்கங்களின் உச்சியில் எச்சரிக்கைப் பலகைகளைத் தங்கள் செலவில் நட்டார்கள். அந்தச் சங்கம் இன்று சைக்கிளிங் யூகே என்ற பெயரில் இருக்கிறது. மெரிடன் என்ற ஊரின் பசுந்திடலில், முதல் உலகப் போரில் இறந்த சைக்கிள்காரர்களுக்காக 1921-இல் எழுப்பிய கல்தூண் நிற்கிறது. ஒவ்வொரு மே மாதமும் நாடெங்கிலுமிருந்து சைக்கிளில் வந்து அங்கே கூடுகிறார்கள். நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. பர்மிங்ஹாமில் பிறந்த ஹெர்குலிஸ் சைக்கிளைத்தான் 1949-இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூரில் தயாரித்தது. நம் அப்பாக்கள் ஓட்டிய அந்தக் கனத்த கறுப்பு வண்டி, இந்த லேன்களுக்காக உருவான வண்டியின் வாரிசு.

சாலை விதிகளில் உங்களுக்குச் சிரமம் இல்லை, இங்கேயும் இடது பக்கம்தான். 2022-இல் திருத்திய நெடுஞ்சாலை விதிநூல், அமைதியான சாலையில் சைக்கிள்காரர் தன் தடத்தின் நடுவில் போகலாம் என்கிறது. வேகமான வண்டி பின்னால் வந்தால், பாதுகாப்பாக இருக்கும்போது இடது பக்கம் ஒதுங்கி வழிவிட வேண்டும். முந்தும் கார் குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும். லேனில் அவ்வளவு இடம் இருக்காது, எனவே பின்னால் சத்தம் கேட்டால் அடுத்த வயல் கதவருகில் நிதானமாக ஒதுங்கி நில்லுங்கள். பதற வேண்டாம், வேலிக்குள் ஒட்டிக்கொள்ளவும் வேண்டாம்; வேலியடியில் செந்தட்டி வகைச் செடி அடர்ந்திருக்கும், பட்டால் மாலை வரை எரியும். வழிவிட்டால் ஓட்டுநர் கை தூக்குவார், நீங்களும் தூக்குங்கள். குதிரையில் யாராவது போனால் பின்னாலிருந்து மெல்லக் குரல் கொடுத்து, வேகத்தைக் குறைத்து, நன்றாக விலகிக் கடக்க வேண்டும். சத்தமில்லாமல் வரும் சைக்கிளைக் கண்டு குதிரை மிரளும். ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம் இல்லை, ஆனாலும் போடுங்கள்.

ஜூன் நல்ல மாதம். இரவு ஒன்பதைத் தாண்டியும் வெளிச்சம் இருக்கும். லேன் ஓரங்களில் காட்டு ரோஜா பூத்திருக்கும். அடுத்த முறை வந்தால் மே நடுவில் வாருங்கள். உயிர்வேலியில் ஹாதார்ன் என்ற முள்செடி வெள்ளை வெளேரென்று பூத்திருக்க, சாலையின் இரண்டு பக்கமும் இடுப்புயரம் கௌ பார்ஸ்லி என்ற வெள்ளைப் பூச்செடி நுரைத்து நிற்கும். இலையுதிர்காலத்தில் வருபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பறவைகள் கூடு கட்டும் காலம் முடிந்ததும் செப்டம்பர் முதல் உயிர்வேலிகளை இயந்திரம் வைத்து வெட்டுவார்கள். ஹாதார்ன் முள் சாலை முழுக்கச் சிதறிக் கிடக்கும், டயரில் ஆணி மாதிரி இறங்கும். எந்த மாதமானாலும் ஆளுக்கு ஒரு மாற்று டியூப், டயர் கழற்றும் நெம்புகோல், ஒரு பம்ப், இவ்வளவும் வேண்டும். பங்க்சர் கடை எந்தக் கிராமத்திலும் கிடையாது. மழையைப் பொறுத்தவரை இது இங்கிலாந்தின் வறண்ட மூலை, ஆண்டுக்குச் சுமார் 600 மி.மீ. பெய்வதும் நம் ஊர் மாதிரி கொட்டாது, தூறும். ஒரு மெல்லிய மழைச்சட்டை போதும், ஆனால் அது இல்லாமல் ஒரு நாளும் கிளம்பாதீர்கள்.

வண்டிக்குச் சுமார் 35 மி.மீ. அகலமான டயர், மட்கார்டு, பின்னால் கேரியர், நல்ல சிறிய கியர் இவை இருந்தால் எந்த சைக்கிளும் சரி. முதுகில் பை மாட்டாதீர்கள். எல்லாமே கேரியரின் இரண்டு பக்கப் பைகளில் அடங்க வேண்டும். அடங்கவில்லை என்றால் துணியைக் குறையுங்கள்.

சஃபோக் பிடித்துப்போய் மறுபடி வந்தால், ஹெரிஃபோர்ட்ஷரில் வெப்லி, பெம்பிரிட்ஜ் பக்கத்துக் கறுப்பு வெள்ளை வீடுகளைப் பார்க்கப் போங்கள்; ஆப்பிள் தோட்டங்கள் நடுவே லேன்கள். செங்குத்தான ஏற்றமே வேண்டாம் என்றால் டெர்பிஷரின் டிஸ்ஸிங்டன் பாதை. 13 மைலும் பழைய ரயில் தடம். டெவனை மட்டும் கடைசிக்கு வையுங்கள். சுவர் போல உயர்ந்த மண்கரைகளுக்கு நடுவே தாழ்ந்த லேன்கள் மிக அழகு, ஆனால் ஒவ்வொரு ஏற்றமும் காலை வாங்கிவிடும், திருப்பத்துக்கு அப்பால் டிராக்டர் வந்தால் தெரியவும் தெரியாது.

திரும்பும் ரயிலைப் பற்றி ஒன்று. சைக்கிளுக்குத் தனியாகக் கட்டணம் இல்லை. ஆனால் வேலை நாட்களில் காலை லண்டனுக்குள் வரும் ரயில்களிலும், மாலை லண்டனை விட்டுக் கிளம்பும் ரயில்களிலும் நெரிசல் நேரத்தில் மடக்காத சைக்கிளை ஏற்ற விடமாட்டார்கள். புதன்கிழமை காலை பத்து மணிக்கு மேல் கிளம்பினால் போகும்போது பிரச்சினை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாள வேலை நடந்தால் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள், அதில் பொதுவாகச் சைக்கிளை ஏற்றமாட்டார்கள். எனவே அந்த ஞாயிறு மேனிங்ட்ரீயிலிருந்து ரயில் ஓடுகிறதா என்று அறை முன்பதிவு செய்வதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். ஓடவில்லை என்றால் ஹேட்லியில் ஓர் இரவு கூடத் தங்கி, திங்கட்கிழமை காலை நெரிசல் முடிந்த பிறகு வாருங்கள்.